கைக்குட்டை வந்த வழி

என் அண்ணனுக்கு இந்த உலகத்தில் இரண்டு பேரிடம் பயம். ஒருவர் பல் மருத்துவர். இன்னொருவர் என் அண்ணி. பல் மருத்துவரிடமாவது ஊசி போட்ட பிறகு பயம் போய்விடும்.

அண்ணன் ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்குத் தமிழில் அகராதி போட்டவர். ஆங்கிலேயர்கள் வகுப்பறையில் பேசாமல் தெருவிலும் துறைமுகத்திலும் சாராயக்கடையிலும் பேசிய சொற்கள் எங்கே பிறந்தன, என்னென்ன பொருளில் திரிந்தன என்று சொல்லும் தடிமனான புத்தகம். தூக்கி எறிந்தால் ஆள் விழுந்துவிடுவான். முதல் பதிப்பு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஊரில் எல்லோரும் அவரை அகராதிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரில் பாதியை அவருக்கு வாங்கித் தந்தது ஒரே ஒரு சொல்: பாஷ்.

பகட்டான, பணக்காரத்தனமான எதையும் பாஷ் என்கிறோம். பாஷான வீடு, பாஷான பேச்சு. அந்தச் சொல் வந்த கதையை அண்ணன் மேடையில் சொன்னால் குழந்தை அழுகைகூட நின்றுவிடும். அந்தக் காலத்தில் கிழக்கு நாடுகளுக்குப் போகும் கப்பலில் போகும்போது இடப்பக்க அறையில் வெயில் படாதாம். திரும்பும்போது வலப்பக்கம் நிழலாம். காசுள்ளவர்கள் அப்படிப் பார்த்து அறை வாங்குவார்களாம். போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்: போக இடம், திரும்ப வலம். இந்த நான்கு சொற்களின் முதல் எழுத்துகளைப் பயணச்சீட்டில் முத்திரையாகக் குத்துவார்களாம். பி, ஓ, எஸ், எச், அந்த நான்கு எழுத்துதான் பாஷ். "அந்த அறைக்காரங்களுக்கு மட்டும் ஏறும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொடுப்பாங்க" என்று முடித்து, தன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை மெதுவாக எடுத்து நெற்றியைத் துடைப்பார். கைதட்டல் அந்தத் துடைப்புக்குத்தான் விழும்.

அந்தக் கைக்குட்டையால்தான் மூன்றாம் பதிப்பின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகாமல் மேசையில் கிடந்தது.

எங்கள் அலுவலகம் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் கணினியோடு நான். பக்கங்களைத் தட்டச்சு செய்து, இரண்டு பத்தியாக அமைப்பது என் வேலை. கடைசி அறையில் அண்ணன். நடு அறையில் அண்ணியும், சொற்களுக்கு ஆதாரம் குறித்த சீட்டுகளை அவர் அடுக்கிவைக்கும் இழுப்பறைகளும். மூடிப்போன மருந்துக் கடை ஒன்றிலிருந்து வாங்கிய இழுப்பறைகள் அவை. சிலவற்றில் மருந்துக் கடை ஒட்டிய பழைய பெயர்ச்சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. 'பி' எழுத்துச் சொற்கள் இருமலிலும் 'எஸ்' எழுத்துச் சொற்கள் வயிற்றுவலியிலும் இருக்கின்றன. வெளியாட்கள் யாராவது வந்திருக்கும்போது, "சின்னவளே, வயித்துவலியைக் கொண்டா" என்று அண்ணி குரல் கொடுத்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணி இருபது வருஷம் அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாக வகை பிரித்தவர். பதினொரு வருஷத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு சொல்லைக் கையில் எடுத்தால் உறையைப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பார். யார் அனுப்பியது, எங்கிருந்து, முத்திரையில் என்ன தேதி. மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து, தேதி போட்ட, அச்சில் வந்த மூன்று ஆதாரம் சீட்டில் ஏறினால்தான் அவர் ஒரு செய்தியை நம்புவார். அதற்குள் எத்தனை அழகான கதைகளைக் குப்பையில் போட்டிருக்கிறார் என்று நினைத்தால் எனக்கே மனசு ஆறாது. ஆனால் அவர் விட்டுவைத்த சொல்லில் ஒருவரும் இதுவரை குறை கண்டுபிடித்ததில்லை. படித்த பேராசிரியர்களே வந்து அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அதைப் பார்த்ததில்லை. குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் வந்த புதிதில் பெருமை தாங்காமல் அண்ணனே ஒரு விதி போட்டார். மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அண்ணியின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் அச்சகத்துக்குப் போகாது. அறுநூற்று நாற்பது பக்கத்தில் அறுநூற்று முப்பத்தொன்பதுக்கு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்சம் இருந்த ஒன்றில் பாஷ் கதைக்கு நேராகப் பென்சிலில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: மூலம்?

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பக்கத்தை எடுத்துக்கொண்டு நடு அறைக்கு வந்தார். சுவர் என்று பேருக்கு ஒரு பலகைதான் இருப்பதால் எனக்கு எல்லாம் கேட்டது. கேட்காவிட்டாலும் எழுந்து போய் நின்றிருப்பேன்.

"மூலமா? மூணு சீட்டு இருக்கே. ஒரு பத்திரிகைக் கட்டுரை, ஒரு பள்ளிக்கூடப் பாடப் புத்தகம், ஒரு வானொலிப் பேச்சு அச்சான தொகுப்பு. உன் கணக்குப்படியே மூணு. வேற என்ன வேணும்?"

"மூணும் ஒரே வீட்டுலேர்ந்து வந்த கடுதாசி மாதிரி இருக்குங்க."

"எப்படிச் சொல்ற?"

அண்ணி மூன்று சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். பக்கத்தில் இன்னொரு கட்டையும் வைத்தார்.

"இது வெளிநாட்டுப் புத்தகங்கள்லேர்ந்து நான் எடுத்தது. ஏழு இருக்கு. ஏழுலயும் கப்பல் கதை வருது. ஆனா பாதிப் பேர் இதுக்கு ஆதாரமே கிடையாதுன்னு சொல்லிட்டுத்தான் எழுதறாங்க. அந்த முத்திரை குத்தின ஒரு கப்பல் சீட்டை இதுவரைக்கும் யாரும் கண்ணால பார்க்கலையாம். சொல்லு எழுத்துல வந்து இருபது வருஷம் போல கழிச்சுத்தான் கப்பல் கதையே எழுத்துல வருது. பிள்ளை பொறந்து இருபது வருஷம் கழிச்சு யாரோ ஜாதகம் எழுதின மாதிரி."

"எழுத்துச் சுருக்கம்னாலே உனக்கு ஆகாது."

"ஏன், ஓகேவை நான் உள்ளே விடலையா? 'ஆல் கரெக்ட்'டை வேணும்னே தப்பாச் சுருக்கி ஒரு அமெரிக்கப் பத்திரிகை கிண்டல் பண்ணினது, ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தொன்பதுல. தேதி போட்ட தாளே இருக்கு. விட்டேன். இதுக்கும் ஒரு தாள் கொடுங்க, விட்டுடறேன்."

அண்ணி அந்த மூன்று சீட்டையும் விரலால் தட்டினார்.

"அதைவிட முக்கியமா ஒண்ணு. இந்த ஏழுல ஒண்ணுலகூடக் கைக்குட்டை கிடையாது. நம்ம மூணுலயும் இருக்கு. மூணும் நம்ம முதல் பதிப்புக்கு அப்புறம் வந்தது. அதாவது, அவங்க நம்மளைப் பார்த்து எழுதியிருக்காங்க. நாம இப்ப அவங்களை ஆதாரமாக் காட்டறோம். நம்ம கடுதாசியை நாமளே வாங்கிப் படிச்சுக்கிட்டு, ஊரே நம்மகிட்ட பேசுதுன்னு சந்தோஷப்படறோம்."

தட்டிக்கொண்டிருந்த வரியை நான் அப்படியே நிறுத்தினேன்.

ஏனென்றால் அந்தக் கைக்குட்டை என்னுடையது.

எனக்கு அப்போது பதினேழு வயது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதல் பதிப்பை வீட்டுக் கூடத்தில் வைத்து நான்தான் தட்டச்சு செய்தேன். பத்தியின் அடியில் ஒரு வரி காலியாக இருந்தாலும் அண்ணனுக்கு ஆகாது. "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு சொல்லுக்குப் பதில் கொஞ்சம் நீளமான சொல்லைப் போட்டு இட்டு நிரப்ப எனக்கு அனுமதி உண்டு. அன்றைக்கு இரண்டு வரி குறைந்தது. எந்தச் சொல்லை இழுத்தாலும் நிரம்பவில்லை. அண்ணன் அச்சகத்தில் இருந்தார், தொலைபேசி வசதி கிடையாது, அச்சகத்து ஆள் வாசலில் சைக்கிளோடு நிற்கிறார். எனக்கோ சளி. மடியில் கைக்குட்டை. நான் கப்பலைப் பற்றி என்ன கண்டேன்? 'அவ்வறையினருக்குக் கப்பலில் ஏறும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் வழங்கப்பட்டது' என்று தட்டினேன். பத்தி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

அண்ணன் அதைக் கவனிப்பார், திட்டுவார் என்று ஒரு வாரம் பயந்தேன். அவர் கவனிக்கவில்லை. "சின்னவ தட்டினா ஒத்துப் பார்க்கவே வேண்டாம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மேடையில் தன் புத்தகத்தைப் பார்த்து அந்த வரியைப் படித்தார், அடுத்த மேடையில் கைக்குட்டையை எடுத்தார். கூட்டத்தின் கைதட்டலைக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் மூடியே இருந்தது. நான் அவ்வளவு யோக்கியம்.

நடு அறையில் பேச்சு முற்றிவிட்டது.

"இல்லாததை நான் எழுதுவேனா?" என்றார் அண்ணன். "எங்கேயோ படிச்சிருப்பேன். இப்ப ஞாபகம் இல்ல, அவ்வளவுதான். கைக்குட்டை என்ன ஆகாசத்துலேர்ந்தா விழுந்துது? முப்பது வருஷமா என் வாயால சொல்லியிருக்கேன். இப்ப எடுத்துட்டா நான் யாரு? பொய்க்காரன்தானே?"

"நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லலை. எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்கறேன்."

"நாலு மணிக்கு அச்சக வண்டி வருது. இந்த ஒரு பக்கத்துக்கு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

அண்ணி சீட்டுகளை அடுக்கிக் கட்டினார். அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போடுங்க" என்றார். "அது உங்க புத்தகம். ஆனா அந்த ஒரு பக்கத்துல என் கையெழுத்து வேண்டாம்னா, மிச்சப் பக்கத்துலயும் அதுக்கு அர்த்தம் இல்ல. நான் வீட்டோட இருந்துக்கறேன்."

அண்ணன் பக்கத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். அண்ணி பென்சில்களைச் சீவ ஆரம்பித்தார். ஐந்து பென்சிலையும் ஒவ்வொன்றாகச் சீவி, துருவலை ஊதி, டப்பாவில் போட்டு மூடினார். நாளைக்கு வரப்போகிற வேறு யாருக்கோ மேசையை ஒழுங்கு செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பதினொரு வருஷத்தில் அவர் பகல் இரண்டரை மணிக்கு மேசையைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணி, ஒரு கைக்குட்டைக்காகவா?"

"கைக்குட்டை சின்னதுதான்" என்றார், இழுப்பறையைத் தள்ளி மூடிக்கொண்டே. "ஆனா ஒரு பிள்ளை பரீட்சையில அதை எழுதும். வாத்தியார் சரின்னு போடுவார். நம்மளை நம்பித்தானே? நம்மளைப் பார்க்காம, கேக்காம நம்பறாங்க சின்னவளே. அதைவிட பெரிசா நமக்கு யார் என்ன கொடுத்துட முடியும்?"

பார்க்காமல் கேட்காமல் நம்புவது என்றதும் எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அண்ணனும் என்னை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். சொன்னால் அந்த நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் அண்ணி போய்விடுவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், ஒரு வரிகூடத் தட்டவில்லை. மூன்று நாற்பதுக்கு அச்சகத்துக்காரர் கூப்பிட்டு வண்டி கிளம்பிவிட்டது என்றார்.

அண்ணன் அறைக்குள் போனேன். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து இன்னும் விழவில்லை. அண்ணியும் பை சகிதம் அறை வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணா, கைக்குட்டை என்னோடது."

"எது?"

"முதல் பதிப்புல அந்தப் பத்தியில ரெண்டு வரி கொறைஞ்சுது. நீங்க இல்ல. நானாச் சேர்த்தேன். நீங்க எழுதலை. யாரும் எழுதலை. எனக்கு அன்னிக்கு சளி."

அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தாங்கியிருப்பேன். மேசையின் ஓரத்தில் இருந்த முதல் பதிப்பை இழுத்து, பக்கங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் எத்தனை இடத்துல?"

"ஒண்ணுதான்."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நம்பச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் அண்ணன் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன், அதுவும் கைக்குட்டை இல்லாமல்.

"ஒண்ணுதாங்க" என்றார் அண்ணி வாசலிலிருந்து. "நான் பார்த்துட்டேன்."

இரண்டு பேரும் திரும்பினோம்.

"பரண்ல உங்க கையெழுத்துப் பிரதி இருக்கு, தகரப் பெட்டியில. போன மாசம் முழுக்க அதையும் முதல் பதிப்பையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். உங்க பிரதியில கைக்குட்டை இல்ல. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. அங்கங்க ஒரு சொல்லை இழுத்திருக்கா, பொருள் மாறலை. இவ தட்டினதுல வேற ஒரு தப்புக்கூடக் கிடையாது."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் அண்ணன்.

"தெரியும்."

"காலையிலேயே சொல்லியிருந்தா இவ்வளவு ரகளையே இல்லையே. வேலையை விட்டுட்டுப் போறேன்னு கிளம்பினியே."

அண்ணி பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "நான் இருபது வருஷம் கடுதாசி வகை பிரிச்சேன். யார் எழுதினதுன்னு கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன். ஆனா ஒரு உறையைக்கூடத் திறந்ததில்ல. அவ விஷயத்தை அவதான் திறக்கணும்."

எனக்காக அவர் தன் மேசையையே விட்டுக் கொடுத்துவிட்டுப் போகத் தயாராக இருந்தார். பென்சில்கூடச் சீவி வைத்துவிட்டு. அந்த மனுஷிக்கு நான் என்ன செய்துவிட முடியும்? இப்போதும் தெரியவில்லை.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். கெஞ்சுகிற குரலில், "சரி, கைக்குட்டை போகட்டும். கப்பலாவது இருக்கட்டுமே" என்றார்.

"கப்பலை நீங்க எங்கே பிடிச்சீங்க?"

"காலேஜ்ல ஆங்கில வாத்தியார் சொன்னார்."

"அவர் எங்கே படிச்சாராம்?"

"கேக்கலை."

அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க. "முப்பது வருஷம் மேடையில மூஞ்சியைத் துடைச்சிருக்கேன்டி, இவளோட சளிக் கைக்குட்டையால" என்றார் அண்ணியிடம். என் அண்ணனிடம் எனக்கு எத்தனையோ குறை உண்டு. ஆனால் அந்தச் சிரிப்புக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். இத்தனை வருஷப் பெருமையை ஒரு நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்க எத்தனை பேரால் முடியும்?

பேனாவை மூடிவிட்டு, "உட்கார். சொல்றேன், தட்டு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

'பாஷ்: பகட்டான, உயர்தரமான. இப்பொருளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் காணப்படுகிறது. அதற்கு முன் சில்லறைக் காசுக்கும், பிறகு பகட்டுக்காரனுக்கும் இச்சொல் கொச்சையாக வழங்கியது, இவற்றிலிருந்து வந்திருக்கலாம். பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை. கப்பல் அறை பற்றிய கதைக்கு ஆதாரம் இல்லை. எங்கள் முந்தைய பதிப்புகள் அதை உண்மைபோல் கூறியது பிழை. அதில் வரும் கைக்குட்டை எங்கள் அலுவலகத்தில் சேர்க்கப்பட்டது.'

"அலுவலகத்துலன்னு போட்டா போதும்" என்றார். "யாருன்னு வேண்டாம்."

பக்கத்தை அமைத்துப் பார்த்தேன். பத்தியின் அடியில் இரண்டு வரி காலி. பழைய அதே இரண்டு வரி. என் விரல்கள் விசைப்பலகைமேல் தானாக நகர்ந்தன. 'கூறியது' என்பதைக் 'கூறியிருந்தது' ஆக்கலாம், 'பிழை'யைப் 'பிழையாகும்' ஆக்கலாம்.

"ரெண்டு வரி கொறையுது அண்ணா."

அண்ணன் திரையில் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். உடம்பெல்லாம் அவருக்குக் கூசியிருக்கும்.

"இருக்கட்டும்" என்றார்.

கீழே வண்டி ஒலி எழுப்பியது. அச்சடித்து எடுத்தேன். அண்ணி சீவிய பென்சில்களில் ஒன்றை எடுத்து, நிதானமாக முழுவதையும் படித்து, ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். பக்கத்தை வாங்கிக்கொண்டு கீழே ஓட நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மேசையில் வைத்து என் பக்கம் திருப்பி, பென்சிலை மேலே வைத்தார்.

"நீயும் போடு."

மூன்று பதிப்பையும் தட்டியது நான்தான். ஒரு பக்கத்திலாவது கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். முதல் எழுத்து கோணலாக விழுந்தது. மிச்சத்தைச் சமாளித்துப் போட்டுப் பக்கத்தை அண்ணியிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் கையெழுத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடு" என்றார்.